மணலிக்கு வருகிறவர் எங்கே படுக்கிறார்?

மணலி, எண்ணூர், காட்டுப்பள்ளி வட்டாரத்துக்கு வந்துசேரும் சரக்குகளுக்கெல்லாம் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கச்சா எண்ணெய்க்குத் தொட்டி, கண்டெய்னருக்கு யார்டு, நிலக்கரிக்குத் திறந்த கிடங்கு என்று ஒவ்வொன்றின் பரப்பையும் கணக்கிட்டு வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சரக்கை இறக்கவும், குழாய்களைப் பற்றவைக்கவும், கொதிகலனைப் பழுதுபார்க்கவும் வெளியூரிலிருந்து வரும் ஆள் இரவில் எங்கே படுப்பார் என்பதை மட்டும் எந்த வரைபடமும் குறிப்பதில்லை. அவர் தாமாகவே தேடிக்கொள்வார், அல்லது காண்ட்ராக்டர் எங்கேயாவது ஏற்பாடு செய்துவிடுவார் என்று எல்லோரும் விட்டுவிடுகிறோம். இந்த நகரத்தின் மலிவான படுக்கை இப்படி யாருடைய பொறுப்பும் இல்லாமல் இருப்பது இனியும் தொடரக்கூடாது. துறைமுகத்துக்குச் சாலை எப்படியோ, ஆலைக்கு மின்சாரம் எப்படியோ, அப்படித்தான் தொழிலாளிக்குப் படுக்கையும். தொழிலின் செலவுக் கணக்கில் அதற்கும் ஓர் இடம் வேண்டும்.

மணலி புதுநகர் தோன்றிய விதத்தைப் பார்த்தால் சிக்கலின் வேர் தெரியும். 1965-இல் சென்னை சுத்திகரிப்பு ஆலை நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று சிபிசிஎல் என்று அழைக்கப்படும் அந்த ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. அருகிலேயே உரத் தொழிற்சாலையும், பிறகு அடுத்தடுத்து பெட்ரோகெமிக்கல் ஆலைகளும் வந்தன. நகரின் நெரிசலைக் குறைக்கும் துணைநகரங்களில் ஒன்றாக மணலி புதுநகரைத் திட்டமிட்டது பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது அன்றைய எம்எம்டிஏ, இன்றைய சிஎம்டிஏ. மனைகள் பிரிக்கப்பட்டன, தெருக்கள் போடப்பட்டன. அந்தத் திட்டத்தின் மனத்தில் இருந்தவர் நிரந்தர வேலைக்காரர். சம்பளத்தில் கடன் வாங்கி வீடு கட்டி, பிள்ளைகளை அங்கேயே பள்ளியில் சேர்த்து, ஓய்வு பெறும்வரை இருக்கிறவர். அப்படிப்பட்டவர்கள் வந்தார்கள், வீடும் கட்டினார்கள். ஆனால் 2001-இல் எண்ணூர் துறைமுகமும் பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகமும் திறந்து, வல்லூரிலும் அத்திப்பட்டிலும் அனல்மின் நிலையங்கள் வளர்ந்து, சரக்குப் பெட்டக நிலையங்கள் பொன்னேரி நெடுஞ்சாலை நெடுக முளைத்தபோது வந்து இறங்கியவர் வேறு ஆள். அவர் ஒப்பந்தத் தொழிலாளி. மூன்று மாதமோ ஆறு மாதமோ இருப்பார், வேலை முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விடுவார். ஊர் குடும்பங்களுக்காகத் திட்டமிடப்பட்டது, தொழிலோ தனியாட்களை நம்பி ஓடுகிறது. இந்த இடைவெளியில்தான் மலிவுத் தங்குமிடங்கள் உருவாகியிருக்கின்றன.

ஷட்டவுன் காலம் இதை நன்றாகக் காட்டும். சுத்திகரிப்பு ஆலையின் ஒரு பிரிவைக் குறித்த இடைவெளியில் முழுதாக நிறுத்தி, உலையையும் கோபுரத்தையும் வெப்பப் பரிமாற்றிகளையும் திறந்து சுத்தம் செய்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி இயக்குவதுதான் ஷட்டவுன். ஆலை நிற்கும் ஒவ்வொரு நாளும் இழப்பு என்பதால் வேலை இரவு பகலாக நடக்கும். வெல்டர், ஃபிட்டர், ரிக்கர், சாரம் கட்டுகிறவர், கிரைண்டர் பிடிக்கிறவர் என்று நிரந்தர ஊழியர்களைப் போலப் பல மடங்கு ஆட்கள் ஒரே நேரத்தில் வந்து குவிவார்கள். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், ஆந்திரம் மட்டுமல்ல, நம் தென்மாவட்டங்களிலிருந்தும் வருவார்கள். சில வாரங்களில் வேலை முடிந்து அத்தனை பேரும் கலைந்துபோவார்கள். அந்தச் சில வாரங்களுக்குச் சென்னையில் யார் வீடு கொடுப்பார்? புதிய வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை முன்பணத்தின் பொதுவான அளவாக வைத்திருக்கிறது. நடைமுறையில் அதற்கு மேலேயும் கேட்கிறார்கள். பேச்சிலருக்கு வீடு இல்லை என்ற வழக்கம் வேறு. ஆகவே மேஸ்திரியோ சப்-காண்ட்ராக்டரோ தம் பெயரில் ஒரு வீட்டைப் பிடித்து, அதில் ஆட்களை அடைக்கிறார். இன்னொரு பக்கம், மனையின் பின்பக்கத்தில் ஷீட் போட்டு வரிசையாக அறைகள் கட்டி, தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிற உரிமையாளர்கள்.

அப்படி ஓர் அறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பத்துக்குப் பத்து. மேலே சிமெண்ட் ஷீட், சுவரில் பூசாத செங்கல். கட்டில் கிடையாது, பாய்கள் சுருட்டி மூலையில் நிற்கும். ஆளுக்கு ஓர் ஆணி, அந்த ஆணியில் பை, பைக்கு மேல் துண்டு, துண்டுக்கு மேல் ஹெல்மெட். ஒரே ஒரு பிளக் பாயிண்டிலிருந்து நீட்டிப் பெட்டி ஓடி, அதில் ஏழெட்டு போன்கள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். மூலையில் ஐந்து கிலோ சிலிண்டரும் அடுப்பும், படுக்கும் இடத்திலிருந்து ஒரு முழ தூரத்தில். வாசலில் சேறு காய்ந்த சேஃப்டி ஷூக்கள். பகல் ஷிஃப்ட் போனவரின் பாயில் இரவு ஷிஃப்ட் முடித்தவர் படுப்பார். ஏப்ரல் மே மாதங்களில் ஷீட்டுக்குக் கீழே பகலில் தூங்குவது என்பது பெயருக்குத்தான். கழிப்பறை பல அறைகளுக்குப் பொது, தண்ணீர் சின்டெக்ஸில் இருக்கும்வரை. தூக்கம் கெட்ட ஒருவர் மறுநாள் முப்பது அடி உயரச் சாரத்தில் நின்று வெல்டிங் செய்கிறார் என்பதை நினைத்தால், இது அறைக்குள் முடிந்துபோகிற விஷயம் இல்லை என்பது புரியும்.

சட்டம் இல்லாமலா என்றால், இருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டம், அவர்களுக்குத் தகுந்த தங்குமிடம் தருவது காண்ட்ராக்டரின் கடமை என்றது. அதன் மத்திய விதிகள் தனியாட்களுக்கான கொட்டகையில் ஆளுக்கு 6.5 சதுர மீட்டர் தரைப்பரப்பு வேண்டும் என்று அளவே சொல்லிவிட்டன. அது ஏறக்குறைய எழுபது சதுர அடி. அந்த அளவுப்படி பார்த்தால் மேலே சொன்ன பத்துக்குப் பத்து அறையில் ஒருவர்தான் படுக்கலாம். கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் வேலையிடத்திலோ அருகிலோ இலவசத் தங்குமிடம் தர வேண்டும் என்றது. இந்தச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இணைக்கப்பட்டுவிட்டன. பழைய அளவுகோல் அதோடு கரைந்துவிடக் கூடாது. மாநிலத்தில் விடுதிகளுக்கென்றே 2014-இல் ஒரு சட்டம் வந்தது. ஆட்சியரிடம் உரிமம் பெறாமல் விடுதி நடத்தக்கூடாது என்று அது சொல்கிறது, ஆனால் அது மகளிருக்கும் குழந்தைகளுக்குமான விடுதிகளுக்கு மட்டும். அது தேவையான சட்டம், ஐயமில்லை. ஆண்கள் படுக்கும் இடம் அதன் வரம்புக்கு வெளியே நின்றுவிட்டது. இங்கே ஓர் ஒப்பீடு மனத்தை உறுத்துகிறது. காட்டுப்பள்ளியில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலின் மாலுமிக்குப் படுக்கை எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வகுத்திருக்கிறது: குறைந்தது 198-க்கு 80 சென்டிமீட்டர். இந்தியா அதை 2015-இல் ஏற்றுக்கொண்டது. அதே கப்பலிலிருந்து இறக்கிய கண்டெய்னரைச் சுமக்கும் லாரியின் ஓட்டுநர் சாலையோரம் தம் கேபினுக்குள் காலை மடக்கிக்கொண்டு தூங்குகிறார்.

இது மாறவே மாறாது என்று சொல்ல முடியாது. சென்னையின் இன்னொரு ஓரத்தில் மாறியிருக்கிறது. 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்துதரும் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு கெட்டு, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். மற்ற பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது, ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது, உலகச் செய்தித்தாள்கள் எழுதின. அதன் பிறகு, 2024 ஆகஸ்டில் அதே வட்டாரத்து வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பை முதலமைச்சர் திறந்துவைத்தார். மாநில அரசின் சிப்காட் நிறுவனம் அதற்குச் செலவிட்டது 706.5 கோடி ரூபாய். இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. அங்கே தொழிலாளி யாருடைய தொழிலாளி என்பது தெளிவாக இருந்தது. ஒரே ஆலை, ஒரே பொருள், அந்தப் பொருளை வாங்கும் ஒரு பெரிய பெயர். மணலியில் ஆலையின் கீழ் ஒரு காண்ட்ராக்டர், அவருக்குக் கீழ் சப்-காண்ட்ராக்டர், அவருக்குக் கீழ் மேஸ்திரி. பெட்ரோலும் யூரியாவும் மின்சாரமும் வாங்குகிறவர் அதை உண்டாக்கியவர் எங்கே படுத்தார் என்று கேட்கப்போவதில்லை. கேட்கிற ஆள் இல்லாத இடத்தில் கேள்வியை விதியாக எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் வரும் மறுப்பு இது: 'அவர்களே விரும்பித்தானே நெருங்கிப் படுக்கிறார்கள்? ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், வாடகையில் மிச்சம் பிடிக்கிறார்கள், அதைத் தடுப்பது யாருக்கு நன்மை?' இதில் உண்மை இருக்கிறது, ஒதுக்கிவிட முடியாது. தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்க்கிறவருக்கு ஐந்நூறு ரூபாயும் பெரிய பணம். ஆனால் கணக்கை எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, வீட்டு வாடகை எட்டாயிரம் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் இருந்தால் தலைக்கு ஆயிரம், நால்வர் இருந்தால் இரண்டாயிரம். நெரிசலைப் பாதியாக்க ஆகும் செலவு ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். நாளுக்கு முப்பத்துச் சொச்சம். அதைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடுங்கினால் மறுப்பு சரிதான். ஆலை காண்ட்ராக்டருக்குத் தரும் தொகையில் சேர்த்தால், ஒரு வெல்டரை ஒரு நாள் வேலைக்கு வைக்க ஆகும் மொத்தச் செலவில் அது சிறு துளி. நெருக்கியடித்துப் படுப்பதை அவர் விரும்பினார் என்பதைவிட, அந்த முப்பது ரூபாயைத் தருகிறவர் யாரும் இல்லாததால் அவரே அதை உடம்பால் கொடுத்தார் என்பதே பொருந்தும். நம் ஆட்கள் சிங்கப்பூரில் இதே நிலையில் இருந்தபோது நாம் இப்படிச் சமாதானம் சொல்லவில்லை. 2020 ஏப்ரலில் அங்கே தொழிலாளர் விடுதிகளில் கொரோனா பரவியபோது, தஞ்சாவூரிலும் புதுக்கோட்டையிலும் இராமநாதபுரத்திலும் குடும்பங்கள் தவித்தன. அதற்குப் பிறகு சிங்கப்பூர் அரசு புதிய விடுதிகளில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர், ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை என்று விதித்தது. 2023-இல் உரிமச் சட்டத்தை ஏழு படுக்கை உள்ள சிறு விடுதிவரை நீட்டியது. அங்கே நம் பிள்ளைக்கு நாம் வேண்டிய அளவு இங்கே அடுத்தவர் பிள்ளைக்கும் பொருந்தும்தானே.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. விதி போட்டால் மலிவான படுக்கையே மறைந்துவிடும், ஏழை தெருவுக்கு வந்துவிடுவார் என்கிறார்கள். இதற்கு நியூயார்க் சாட்சி. ஓர் அறை வாடகை விடுதிகள் அசிங்கம் என்று கருதி 1955-இல் அந்த நகரம் புதிதாக அவற்றைக் கட்டத் தடை விதித்தது. இருந்தவையும் அடுத்த பல ஆண்டுகளில் இடிந்தும் மாறியும் குறைந்தன. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அங்கே தெருவில் படுத்தவர்கள் பெருகியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் லண்டன் வேறு வழியில் போயிற்று. 1851-இல் பொதுத் தங்கும் விடுதிகளைப் பதிவு செய்து சோதிக்கும் சட்டம் வந்தது. விடுதிகளை மூடச் சொல்லாமல், சுண்ணாம்பு அடிக்க, கூட்டத்தைக் கட்டுப்படுத்த, கழிவுநீருக்கு வழி செய்யச் சொன்னது. 1892-இல் ரௌட்டன் பிரபு என்பவர் அந்நகரின் வாக்ஸால் பகுதியில் இரவுக்கு ஆறு பென்ஸ் வாங்கிக்கொண்டு ஆளுக்குத் தனித் தடுப்பு, சூடான நீர், சமைத்துக்கொள்ள அடுப்பு தருகிற விடுதியைத் திறந்தார். அது தானே தன் செலவைச் சமாளித்ததால் மேலும் பல விடுதிகள் எழுந்தன. ஆகவே விதியின் பெயரால் மூடாமல், விதியின் பெயரால் பதிவு செய்ய வேண்டும். ஷீட் அறை என்பதற்காக ஒருவரின் வருமானத்தை அடைக்கத் தேவையில்லை. அறைக்கு எத்தனை பேர், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, சமையல் தனி இடத்தில், வெளியேற இரண்டாவது வழி, இந்த நான்கில் தொடங்கினால் போதும். ஆடம்பரத்தைக் கேட்கிற விதிதான் ஏழையைத் தெருவில் தள்ளும்.

ஒரே இடத்தில் பல்லாயிரம் பேருக்குப் பெரிய வளாகம் கட்டிவிட்டால் சிக்கல் தீரும் என்ற யோசனை எனக்கு உடன்பாடில்லை, குறைந்தபட்சம் மணலிக்கு. வல்லம் வடகால் ஆண்டு முழுக்க ஒரே அளவில் ஓடும் ஆலைக்குக் கட்டியது. ஷட்டவுன் ஆட்கள் ஒரு மாதம் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், அடுத்த மாதம் இருக்க மாட்டார்கள். பெரிய கட்டடம் காலியாகக் கிடந்து பாழாகும். தவிர, வெளியூர் ஆண்களை மதில் சுவருக்குள் ஒதுக்கிவைத்தால் ஊருக்கும் அவர்களுக்கும் இடையே இருக்கும் கொஞ்சநஞ்சப் பேச்சும் அறுந்துபோகும். 2025 செப்டம்பர் தொடக்கத்தில் காட்டுப்பள்ளியில் வடமாநிலத் தொழிலாளி ஒருவர் தங்கியிருந்த இடத்தில் தவறி விழுந்து இறந்தார். நியாயம் கேட்டுத் திரண்ட சக தொழிலாளர்களுக்கும் போலீசாருக்கும் மோதல் மூண்டது. குறையைச் சொல்ல ஒரு வாசல் இருந்திருந்தால் நிலைமை வேறு மாதிரி போயிருக்கலாம். கேரளத்தில் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை அருகே 2019-இல் அரசு திறந்த 'அப்னா கர்' விடுதி அறுநூற்றுச் சொச்சம் பேருக்கானது. அந்த அளவு நிர்வகிக்கக்கூடியது. மணலி புதுநகரிலோ தனியார் மனைகளில் ஏற்கெனவே அறைகள் இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்ய உரிமையாளருக்குக் குறைந்த வட்டியில் கடன் தந்து, சரிசெய்ததற்குப் பதிவுச் சான்று தந்தால், புதிதாகக் கட்டுவதைவிட வேகமாகவும் மலிவாகவும் படுக்கைகள் கிடைக்கும். வாடகையும் உள்ளூர்க் குடும்பங்களிடமே தங்கும்.

எங்கே படுக்கிறார் என்பதை அறிந்துவைப்பதற்கு இந்த ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. 2021 நவம்பரில் பூண்டி ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீர் கொசஸ்தலையாற்றில் பெருகி மணலி புதுநகர்த் தெருக்களுக்குள் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் கழிமுகம் வரை பரவியது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது நள்ளிரவில் ஊரே எழுந்து ஓடியது. மணலியை மிகக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளில் ஒன்றாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-லேயே குறித்திருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஆபத்து வந்தால், குடும்பங்களை வாக்காளர் பட்டியலும் ரேஷன் அட்டையும் காட்டிக்கொடுக்கும். தெருவாசிகள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பின்கட்டுத் தரைத்தள அறையில் நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்குகிற, தமிழ் தெரியாத ஒருவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. வாடகைக்கு இருப்போரின் விவரத்தை வீட்டு உரிமையாளர்கள் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்ற நடைமுறை இருக்கிறது. அது குற்றம் நடந்தால் தேடுவதற்கு. ஆபத்தில் தேடுவதற்கும் ஒரு பதிவேடு வேண்டும். அது மாநகராட்சியின் மணலி மண்டல அலுவலகத்தில், சுகாதார ஆய்வாளர் கையில் இருப்பது பொருத்தம். தங்கும் விடுதிகளைக் கண்காணிக்கும் பொறுப்பு 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டக் காலத்திலிருந்தே உள்ளாட்சிக்கு உண்டு.

இதையெல்லாம் செய்ய ஆய்வாளர்கள் போதாது என்பது கடைசி மறுப்பு, அதுவும் நியாயமே. வீடு வீடாகப் போய்ப் பாய்களை எண்ண ஆள் கிடையாது. ஆனால் எண்ணும் வேலையைச் செய்கிற ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது: ஆலையின் கேட். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரும் கேட் பாஸ் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. பெயர், ஆதார், புகைப்படம், மருத்துவத் தகுதி, பாதுகாப்புப் பயிற்சி, ஈஎஸ்ஐ எண் எல்லாம் அங்கே பதிவாகின்றன. அந்தப் படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும்: தங்கும் இடத்தின் பதிவு எண். எண் இல்லாத இடத்தில் தங்குகிறவருக்குப் பாஸ் தருவதை நிறுத்தக்கூடாது. அவருக்கு இடம் ஏற்பாடு செய்யும் கடமையைக் காண்ட்ராக்டரின் பில்லோடு கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்டனை தொழிலாளி தலையில்தான் விழும். டெண்டரிலும் அப்படியே. ஹெல்மெட், சேஃப்டி பெல்ட், ஷூ இவை ஆலை வேலைக்குக் கட்டாயம்; விலையைக் குறைப்பதற்காக அவற்றைத் தவிர்க்க முடியாது. தங்குமிடச் செலவையும் அதே போலக் கட்டாயமாக்கி, தனி வரியாக எழுதி, அதைப் போட்டிக்கு வெளியே வைத்தால், ஆட்களை நெருக்கி அடைத்து விலை குறைக்கிற காண்ட்ராக்டர் டெண்டரை வெல்ல மாட்டார். இந்த வட்டாரத்தின் பெரிய ஆலைகளிலும் மின் நிலையங்களிலும் பல பொதுத்துறையைச் சேர்ந்தவை. ஒரு புதிய சட்டத்துக்காகக் காத்திராமல் அடுத்த ஷட்டவுன் டெண்டரிலேயே அந்த வரியை அவை சேர்க்கலாம்.